நுரை வராத தண்ணீர்

சென்னைக்குத் தெற்கே, பழைய மகாபலிபுரம் சாலையின் இரு மருங்கிலும் எழும்பியிருக்கும் அடுக்குமாடி வீடுகளில் புதிதாகக் குடியேறும் குடும்பத்தார், முதல் வாரத்திலேயே ஒரு விஷயத்தைக் கண்டுகொண்டுவிடுகிறார்கள். சோப்பு தேய்கிறது, நுரை வருவதில்லை. துவைத்த வெள்ளை வேட்டி பழுப்பேறுகிறது. குளியலறைக் குழாயின் வாயில் வெள்ளைப் பொருக்கு கட்டுகிறது. இட்லிப் பானையின் அடியில் சுண்ணாம்பு அடித்தாற்போல ஒரு பூச்சு. துவரம் பருப்போ எவ்வளவு நேரம் கொதித்தாலும் குழையாமல் முரண்டு பிடிக்கிறது.

ஊரிலிருந்து வரும் பெரியவர் யாராவது ஒரு மடக்குக் குடித்துப் பார்த்துவிட்டு, "உப்புத் தண்ணீர்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். தீர்ப்பு பாதிதான் சரி. மறு பாதியில்தான் குடும்பத்தின் சோப்புச் செலவும், வெந்நீர்க் கருவியின் ஆயுளும், பூமிக்கடியில் கிடக்கும் தண்ணீரின் கதியும் அடங்கியிருக்கின்றன.

சில மாதங்களில் குடியிருப்போர் சங்கம் கூடுகிறது. தண்ணீரை மென்மையாக்கும் யந்திரம், அதாவது 'சாஃப்ட்னர்', வாங்கலாமா என்பது நிகழ்ச்சி நிரலில் முதல் விஷயம். கம்பெனிக்காரர் வந்து வண்ணப் படங்களைக் காட்டுகிறார். தோல் மிருதுவாகும், தலைமயிர் கொட்டாது, மின்சாரக் கட்டணம் குறையும், சிறுநீரகத்தில் கல் வராது என்று அடுக்கிக்கொண்டே போகிறார். ஒரு கட்சி 'உடனே வாங்குவோம்' என்கிறது. மற்றொரு கட்சி 'தண்டச் செலவு' என்கிறது. யந்திரத்தின் பின்புறக் குழாய் வழியே வெளியேறும் உப்பு நீர் எங்கே போகும் என்று கேட்பவர் அநேகமாக ஒருவரும் இருப்பதில்லை.

இது சென்னையின் ஒரு சாலைக்கு மட்டும் நேர்ந்த கதை அல்ல. கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீருக்கும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனால் சென்னையில் விஷயம் சமீப காலத்தில் பெரிதாகிவிட்டது. மாநகராட்சியின் எல்லை 2011ல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. எல்லைக் கோடு ஓர் உத்தரவில் நகர்ந்துவிட்டது. ஏரித் தண்ணீரைக் கொண்டுவரும் குழாய் அந்த வேகத்தில் நகரவில்லை. இடைவெளியை நிரப்பியவை ஆழ்துளைக் கிணறுகளும் தண்ணீர் லாரிகளும்தான். 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டபோது, நகரின் பழைய பேட்டைகளும் கிணற்று நீரின் குணத்தை நன்றாக அறிந்துகொண்டன.

உப்பு வேறு, கடினம் வேறு

மேகத்திலிருந்து விழும் மழைத் துளியில் சுண்ணாம்பு கிடையாது. அது மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு மிக லேசான அமிலமாகிறது. போகும் வழியில் சுண்ணாம்புக் கல்லோ சுக்கான் கல்லோ அகப்பட்டால், கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொள்கிறது. இந்த இரண்டும் மிகுந்திருக்கும் நீருக்குத்தான் கடின நீர் என்று பெயர். ஆற்றோடு விரைந்து ஓடும் நீருக்குக் கல்லோடு பழக அவகாசம் குறைவு. ஆழத்தில் நெடுங்காலம் தங்கிய நீருக்கு அவகாசம் ஏராளம். கிணறு ஆழமாக ஆக, தண்ணீர் முரடாவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

சாப்பாட்டு உப்பாகிய சோடியம் குளோரைடு இதிலிருந்து வேறானது. கடலோரத்தில் அளவு மீறி இறைத்தால், நல்ல நீர் விலகிய இடத்தில் கடல் நீர் புகுந்துவிடும். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் வட்டாரம் இதற்கு நெடுநாளைய உதாரணம். நாக்குக்குக் கரிக்கும் நீர் உப்பு நீர். சோப்புக்கு அடங்காத நீர் கடின நீர். ஒரே கிணற்றில் இரண்டு குணமும் சேர்ந்திருப்பதும் உண்டு. ஜனங்கள் இரண்டையும் உப்புத் தண்ணீர் என்றே அழைப்பதால்தான் குழப்பம்.

பெயர்க் குழப்பம் பணக் குழப்பமாகவும் முடிகிறது. சாஃப்ட்னர் கடினத்தைப் போக்கும், உப்பைப் போக்காது. பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டரைத் தண்ணீரில் நனைத்துப் பார்த்துவிட்டு, "யந்திரம் போட்டும் எண் குறையவில்லையே!" என்று கம்பெனிக்காரரோடு சண்டைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அது குறையவே குறையாது. நீரில் கரைந்திருக்கும் எல்லா உப்புக்களையும் மொத்தமாகக் காட்டுவது அந்த மீட்டர். யந்திரம் செய்வதோ ஒன்றை எடுத்துவிட்டு மற்றொன்றை வைக்கும் வேலை. கடினத்தை அறியத் தனிப் பரிசோதனை வேண்டும்.

இந்திய தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர் விதி இதற்கு ஓர் அளவு வகுத்திருக்கிறது. 2012ல் திருத்தப்பட்ட அந்த விதிப்படி, லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை கடினம் ஏற்கத்தக்கது. வேறு நீருக்கு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கலாம். இது குடிப்பதற்கான கணக்கு. துணி துவைப்பதற்கும் வெந்நீர் போடுவதற்கும் 600 என்பது மிகவும் கொடுமையான தண்ணீர். அமெரிக்க நில ஆய்வுத் துறை 180க்கு மேற்பட்டதையே 'மிகக் கடினமான நீர்' என்ற வகையில் சேர்க்கிறது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடிப் புட்டிகளை எடுத்து, ஒன்றில் மழை நீரையும் மற்றொன்றில் குழாய் நீரையும் பாதி அளவு ஊற்ற வேண்டும். துணி சோப்பைச் சீவிக் கரைத்த நீரைச் சொட்டுச் சொட்டாக இரண்டிலும் விட்டுக் குலுக்க வேண்டும். மழை நீர் சில சொட்டுகளிலேயே நுரைத்து நிற்கும். கடின நீர், பால் போலக் கலங்கித் திரி திரியாக மிதக்குமே தவிர, எளிதில் நுரைக்காது. சவர்க்காரத் தூளில் வேறு சரக்குகள் கலந்திருப்பதால் இந்தச் சோதனைக்கு அது உதவாது; சோப்புதான் வேண்டும்.

சோப்பு போகும் இடம்

அந்தத் திரிதான் வீட்டுச் செலவின் ரகசியம். சோப்பு முதலில் அழுக்கைத் தேடிப் போவதில்லை. கால்சியத்தைத் தேடிப் போகிறது. இரண்டும் சேர்ந்து நீரில் கரையாத ஒரு பிசுக்காகிவிடுகின்றன. கால்சியம் முழுவதும் தீர்ந்த பிறகுதான் நுரை. ஒரு கிராம் கடினத்தைத் தீர்க்க ஏறக்குறைய ஆறு கிராம் சோப்பு செலவாகும் என்பது ரசாயனக் கணக்கு. லிட்டருக்கு 500 மில்லிகிராம் கடினமுள்ள நீர் ஒரு வாளியில் 20 லிட்டர் இருந்தால், அதில் 10 கிராம் கடினம் இருக்கிறது. அந்த வாளி நீர் முழுவதையும் நுரைக்க வைப்பதற்கு முன்பே 60 கிராம் சோப்பு, ஒரு துளி அழுக்கையும் தொடாமல், பாழாகிவிடும். குளிப்பவர் வாளியிலேயே சோப்பைக் கரைப்பதில்லை; ஆகையால் நஷ்டம் அவ்வளவு தூரம் போகாது. ஆனால் துணி ஊறவைக்கும் வாளியில் இந்தக் கணக்குப் பெரும்பாலும் பலித்துவிடுகிறது. பாழான சோப்பு சாக்கடைக்கும் முழுவதாகப் போவதில்லை. வேட்டியின் நூலிழைகளில் ஒட்டிக்கொண்டு பழுப்பாகத் தெரிகிறது. தலைமயிரில் படிந்து சிக்கு விழவைக்கிறது.

இந்தியாவில் 1959ல் சர்ஃப் தூளும், 1969ல் நிர்மாவும் கடைக்கு வந்த பிறகு நிலைமை கொஞ்சம் மாறியது. இத்தகைய தூள்கள் சோப்பைப் போலப் பிசுக்குக் கட்டுவதில்லை. கால்சியத்தைப் பிடித்து அடக்குவதற்கென்றே சோடா போன்ற சரக்குகளும் அவற்றில் கலந்திருக்கின்றன. வேறு விதமாகச் சொன்னால், வாங்கும் தூளின் ஒரு பகுதி துணிக்காக அல்ல, தண்ணீருக்காகவே வாங்கப்படுகிறது. தண்ணீர் எவ்வளவு கடினமோ அவ்வளவு தூள் கூட வேண்டும்.

அடுக்களையில் நடப்பது வேறு. பருப்பின் திசுச் சுவர்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பொருள் வேகும்போது இளகிக் கரைய வேண்டும். கால்சியம் அதோடு சேர்ந்தால் பெக்டின் இறுகிவிடுகிறது. பருப்பு வேகாததற்குக் கடைக்காரர் மேல் பழி போடுவது வழக்கம். பல சமயங்களில் குற்றவாளி குழாயில் வருகிறான்.

வெந்நீர்க் கருவியில் நேரும் நஷ்டமே எல்லாவற்றிலும் கனமானது. கடின நீரைச் சூடாக்கினால், கரைந்திருந்த சுண்ணாம்பு திரும்பவும் கல்லாகிப் படிகிறது. சூடேற்றும் கம்பிச் சுருள் மேல் அது பொறுக்காகக் கவிந்துகொள்ளும்போது, சுருளின் சூடு நீருக்குத் தப்பிப் போக முடியாமல், சுருள் தன் சூட்டிலேயே கருகிவிடுகிறது. கூரை மேல் வைக்கும் சூரிய வெப்பக் கருவிகளின் குழாய்களும் இவ்விதமே அடைபடுகின்றன.

உவர்மண்ணும் வாஷிங் சோடாவும்

இதற்கெல்லாம் முன்னோர் வழி காணாமல் இருந்துவிடவில்லை. ஆற்றங்கரையிலும் குளக்கரையிலும் சலவைத் தொழிலாளர் உவர்மண்ணைக் கரைத்துத் துணியை ஊறவைத்தார்கள். அந்த மண்ணில் சோடியம் கார்பனேட் இருக்கிறது. அது கால்சியத்தை வெள்ளைத் தூளாக அடியில் படியவைத்துவிடும். பிற்காலத்தில் மளிகைக் கடைக்கு வந்த வாஷிங் சோடாவும் அதே சரக்குதான். பருப்புப் பானையில் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போடுவது, இட்லிப் பானைத் தண்ணீரில் புளிச் சக்கையையோ பிழிந்த எலுமிச்சைத் தோலையோ போட்டுவைப்பது, இவையெல்லாம் அனுபவத்தில் கண்ட ரசாயனம். புளியின் அமிலம் சுண்ணாம்பைக் கரைத்துவிடும் என்று யாரும் ஏட்டில் படித்துவிட்டுச் செய்யவில்லை.

தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்தாலும் கடினத்தின் ஒரு பகுதி விலகும். ஆனால் காய்ச்சினால் போகாத கடினமும் உண்டு. மேலும், குளிக்கும் தண்ணீர் முழுவதையும் கொதிக்கவைத்து ஆறவைக்க எந்த வீட்டில் எரிவாயு கட்டும்?

பெரிய அளவில் வழி கண்டவர் ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரத்து ரசாயனப் பேராசிரியர் தாமஸ் கிளார்க். நீரில் உள்ள சுண்ணாம்பைப் போக்க அதில் மேலும் சுண்ணாம்பைக் கலக்க வேண்டும் என்ற விசித்திர முறைக்கு அவர் 1841ல் உரிமை பெற்றார். முள்ளை முள்ளால் எடுக்கும் கதைதான். நீற்றிய சுண்ணாம்பு, நீரில் கரைந்திருப்பதையும் தன்னோடு இழுத்துக்கொண்டு அடியில் படிந்துவிடுகிறது. நகரத்துக்கே நீர் வழங்கும் நிலையங்களுக்கு இது நல்ல முறை. வீட்டுக்குள் வைத்துக்கொள்ள முடியாது. தொட்டியும் வண்டலும் ஆளும் அம்பும் வேண்டும்.

வீட்டுக்குள் நுழைந்த முறை வேறு. ஜெர்மனியில் ராபர்ட் கான்ஸ் 1905ல் செயற்கைத் தாது ஒன்றைக் கொண்டு நீரை மென்மையாக்கிக் காட்டினார். 1935ல் இங்கிலாந்தில் ஆடம்ஸ், ஹோம்ஸ் என்ற இருவர் அதே வேலையைச் செய்யும் பிசின் வகையைக் கண்டுபிடித்தார்கள். இன்றைய சாஃப்ட்னரின் உருளைக்குள் இருப்பவை அந்த வம்சத்தைச் சேர்ந்த பிசின் மணிகளே. ஒவ்வொரு மணியிலும் சோடியம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. கடின நீர் உள்ளே வரும்போது கால்சியம் ஏறிக்கொள்கிறது, சோடியம் இறங்கிக்கொள்கிறது. பஸ்ஸில் ஒரு பருத்த ஆசாமி உட்கார இரண்டு ஒல்லிப் பேர்வழிகள் எழுந்திருக்க வேண்டியிருப்பது போல, ஒரு கால்சியத்துக்கு இரண்டு சோடியம். எல்லா இடங்களும் நிரம்பிய பிறகு யந்திரம் வேலை செய்யாது. அப்போது அடர்த்தியான உப்புக் கரைசலை உள்ளே விட்டு, கால்சியத்தை விரட்டி, மறுபடியும் சோடியத்தை உட்காரவைக்க வேண்டும். யந்திரத்தின் அருகே உப்பு மூட்டைகள் அடுக்கியிருப்பது இதற்காகத்தான்.

விற்பவர் சொல்வதில் எது மெய்?

சோப்பு மிச்சமாகும், துணி வெளுக்கும், குழாய் அடைபடாது, வெந்நீர்க் கருவி நீடித்து உழைக்கும் என்பவை மெய். கடினம் 300ஐத் தாண்டிய இடத்தில் இந்த லாபங்களை மறுப்பது வெறும் பிடிவாதம்.

மின்சாரக் கட்டணம் பாதியாகும் என்பது மெய்யல்ல. தொட்டியோடு கூடிய மின்சாரக் கருவியில் சுருள் நீருக்குள்ளேயே மூழ்கியிருக்கிறது. பொருக்கு படிந்தாலும் சூடு தாமதமாக நீருக்குத்தான் வந்து சேர வேண்டும். வேறு போக்கிடம் கிடையாது. நஷ்டமாவது யூனிட் அல்ல, சுருள். அடியில் அடுப்பெரியும் எரிவாயுக் கருவியில்தான் சூடு புகையோடு வீணாகும்.

தோல் வியாதியைப் பற்றிச் சொல்வதிலும் ஜாக்கிரதை தேவை. பிரிட்டனில் கரப்பான் என்னும் எக்ஸிமா கண்ட 336 குழந்தைகளைக் கொண்டு ஒரு பெரிய பரிசோதனை நடந்தது. பாதிப் பேரின் வீடுகளில் மட்டும் பன்னிரண்டு வாரங்கள் சாஃப்ட்னர் வைத்துப் பார்த்தார்கள். 2011ல் வெளியான முடிவின்படி, யந்திரத்தால் நோய் தணியவில்லை. கடின நீரில் குளிப்பவர்களின் மயிர் முரடாவது உண்மை. வழுக்கைக்கு அதைக் காரணமாக்குவதற்குத் தக்க ஆதாரம் இல்லை. சிறுநீரகக் கல்லைப் பற்றிய பயமும் இந்த ரகம்தான். தண்ணீரில் உள்ள கால்சியத்தைவிட, தண்ணீரைப் போதிய அளவு குடிக்காமல் இருப்பதே கல்லுக்கு நெருங்கிய உறவு. குடிநீரின் கடினத்துக்கு உடல்நலத்தை முன்னிட்டு உலக சுகாதார ஸ்தாபனம் எந்த வரம்பும் விதிக்கவில்லை. கால்சியமும் மக்னீசியமும் உடம்புக்கு வேண்டிய சத்துக்கள் என்பதையும் மறந்துவிடக்கூடாது.

குழாயின் மேல் காந்தத்தைக் கட்டினால் போதும் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள். காந்தம் கால்சியத்தை எடுப்பதில்லை. புட்டிச் சோதனையை அந்தத் தண்ணீரில் செய்து காட்டச் சொன்னால் போதுமானது.

மாதம் இரண்டு டன்

இனி, சங்கக் கூட்டத்தில் எழாத கேள்விக்கு வரலாம். நகரங்களில் ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்பது சர்க்காரின் திட்ட அளவு. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 540 லிட்டர். கடினம் 500 ஆக இருந்தால், தினம் 270 கிராம் கடினத்தை யந்திரம் பிடிக்க வேண்டும். ஏட்டுக் கணக்கில் இதற்கு 316 கிராம் உப்பு போதும். நடைமுறையில் இரண்டு, மூன்று மடங்கு போடாமல் பிசின் மணிகள் சுத்தமாவதில்லை. குறைந்த மடங்கையே வைத்துக்கொண்டாலும் மாதம் ஒரு வீட்டுக்குச் சுமார் 20 கிலோ. நூறு வீடுகள் உள்ள குடியிருப்புக்கு இரண்டு டன்!

இந்த உப்பு எதுவும் மறைந்துபோவதில்லை. ஒரு பகுதி மென்மையாக்கிய நீரோடு குளியலறைக்குப் போய்க் கழிவு நீரில் சேர்கிறது. மீதி, கால்சியத்தையும் இழுத்துக்கொண்டு, நேராகவே கழிவில் விழுகிறது. குடியிருப்பின் கழிவு நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் நாற்றத்தையும் கிருமிகளையும் குறைக்கும். கரைந்த உப்பை அதனால் தொட முடியாது. அந்த நீரைத்தான் செடிகளுக்குப் பாய்ச்சுகிறார்கள். சோடியம் ஏறிய மண் இறுகி, நீரை உள்ளே விடாமல் போகிறது. செடியின் இலை ஓரம் கருகுகிறது. பாதாளச் சாக்கடை வராத இடங்களிலோ கழிவு அப்படியே பூமிக்குள் இறங்குகிறது. ஆழ்துளைக் கிணறும் அதே மனையில்தான் இருக்கிறது. கடினமான நீரைப் போக்கிக்கொள்ளச் செய்யும் காரியம், சில ஆண்டுகளில் அதே கிணற்றைக் கரிக்கவைக்கும் காரியமாக முடியக்கூடும். கரிப்பு வந்துவிட்டால் சாஃப்ட்னர் கைகொடுக்காது. லாரிதான் வர வேண்டும். லாரி மற்றொரு கிராமத்துக் கிணற்றிலிருந்து வர வேண்டும்.

உப்பு நீரை வெளியே தள்ளிவிட்டு மறந்துபோனால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு ஏற்கெனவே கண்டிருக்கிறது. திருப்பூரின் சாயத் தொட்டிகளில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும். அந்த உப்பு நொய்யல் ஆற்றோடு போய் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்காகக் கட்டிய அணையின் நீர் பாசனத்துக்கு ஆகாததாயிற்று. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிடும் அளவுக்கு விவகாரம் முற்றியது. வீட்டு யந்திரங்களின் உப்பு அந்த அளவில் ஒரு பங்குகூட ஆகாது என்பது வாஸ்தவம். ஆனால் அமெரிக்காவில் கலிபோர்னியாவைச் சேர்ந்த சாண்டா கிளாரிட்டா பள்ளத்தாக்கில் வீட்டு யந்திரங்களே வம்புக்குக் காரணமாயின. அவற்றின் உப்பு ஆற்றில் சேர்ந்து கீழே இருந்த விவசாயத்தைப் பாதிக்கிறதென்று, 2008ல் வாக்கெடுப்பு நடத்தி, உப்பால் இயங்கும் சாஃப்ட்னர்களை வீடுகளிலிருந்து அகற்றவே தீர்மானித்தார்கள்.

குடிநீர் விஷயமும் இருக்கிறது. கடினம் 500 உள்ள நீரை முழுவதும் மென்மையாக்கினால், லிட்டருக்கு 230 மில்லிகிராம் சோடியம் புதிதாக ஏறுகிறது. தினம் இரண்டு லிட்டர் குடிப்பவருக்கு 460 மில்லிகிராம். நாள் முழுவதற்கும் 2,000 மில்லிகிராமுக்குள் சோடியம் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லும்போது, அதில் ஏறக்குறைய கால் பங்கு தண்ணீரிலேயே போய்விடுகிறது. ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இது அலட்சியப்படுத்தக்கூடிய தொகையல்ல. ஆகையால் அடுக்களையில் குடிக்கவும் சமைக்கவும் ஆகும் குழாயை யந்திரத்தோடு இணைக்காமல் விடுவதே முறை. அங்கே ஆர்.ஓ. கருவி வைத்தால் உப்பு, கடினம் இரண்டுமே போகும். ஆனால் ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டர் கழிவாக வெளியேறுவது சாதாரணம். கரைந்த உப்பு 500 மில்லிகிராமுக்குக் குறைவாக உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்ய வேண்டுமென்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2019 மே மாதம் உத்தரவிட்டதற்கு இந்த விரயமே முக்கியக் காரணம்.

எவ்வளவு போதும்?

யந்திரம் வேண்டாம் என்று இதிலிருந்து முடிவு கட்ட வேண்டியதில்லை. 540 லிட்டரையும் மென்மையாக்க வேண்டுமா என்பதே கேள்வி. கழிப்பறையில் ஊற்றும் நீருக்கும், தோட்டத்து நீருக்கும், கார் கழுவும் நீருக்கும் மென்மை எதற்கு? வீடு கட்டும்போதே இவற்றுக்குத் தனிக் குழாய் வைத்துவிட்டால் உப்பில் பெரும் பகுதி மிச்சம். கட்டிய வீட்டில் இது சிரமம். ஒப்பந்தக்காரர் புதிய கட்டடத்துக்கு வரைபடம் போடும் நாளில் கேட்க வேண்டிய விஷயம்.

குளியலுக்கும் கடினத்தைப் பூஜ்யமாக்க வேண்டியதில்லை. கடினம் 500 உள்ள நீரில் ஐந்தில் ஒரு பங்கை யந்திரத்துக்குள் விடாமல் அப்படியே கலந்தால், வெளியே வரும் நீரில் 100 இருக்கும். சோப்பு நுரைக்க அது போதும். உப்பிலும் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம். மணி அடித்தாற்போலக் குறித்த நேரத்தில் கழுவிக்கொள்ளும் யந்திரத்தைவிட, ஓடிய நீரை அளந்து கழுவிக்கொள்ளும் யந்திரம் உப்பைக் குறைவாகத் தின்னும். விலை கொஞ்சம் கூட. வாங்குவதற்கு முன்பு, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கட்டணம் கட்டி மொத்தக் கடினம், சோடியம், குளோரைடு மூன்றையும் பார்த்துக்கொள்வது நல்லது. விற்பவரே எடுத்துவரும் பரிசோதனைப் பெட்டியை நம்பி லட்சக்கணக்கில் பணம் போடுகிறவர்கள் படித்தவர்களே என்பது வேடிக்கை.

யந்திரம் வாங்க வழியில்லாத வீடுகளின் நிலை வேறு. தெருமுனைக் கைப்பம்பில் குடம் பிடிக்கும் குடும்பத்துக்கும் அதே கடின நீர்தான். சோப்புக்கும், பருப்பு வேக ஆகும் எரிவாயுவுக்கும், இருபது லிட்டர் கேன் தண்ணீருக்கும் அது கொடுக்கும் பணம், வருமானத்தோடு ஒப்பிட்டால், மாடி வீட்டுக்காரர் யந்திரத்துக்குக் கொடுப்பதைவிடக் குறைவல்ல. தனித்தனி யந்திரம் அவர்களுக்குத் தீர்வாகாது. ஆற்று நீரோ ஏரி நீரோ குழாயில் வந்து கிணற்று நீரோடு கலந்தாலே கடினம் பாதியாகிவிடும். மீஞ்சூரில் 2010லும், நெம்மேலியில் 2013லும், மறுபடியும் அங்கேயே 2024லும் திறக்கப்பட்ட கடல் நீர் ஆலைகள் இந்த வகையில் உதவக்கூடியவை. இவ்வகை ஆலையிலிருந்து வரும் நீர் அளவுக்கு மிஞ்சி மென்மையானது, குழாய்களை அரித்துவிடும். அதனால் கொஞ்சம் சுண்ணாம்புச் சத்தைச் சேர்த்தே அனுப்ப வேண்டியிருக்கிறது. ஒரு பக்கம் சுண்ணாம்பைக் கலக்கிறார்கள், இன்னொரு பக்கம் எடுக்கிறார்கள்!

இவற்றோடு, யாரும் விலை வைக்காத மென்னீர் ஒன்றும் உண்டு. சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாகச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஆயிரம் சதுர அடிக் கூரையில் விழுவதில் ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும், ஆண்டுக்கு ஒரு லட்சம் லிட்டர் தேறும். நான்கு பேர் குடும்பத்துக்கு ஆறு மாதத் தேவை அது. மழையில் பெரும் பகுதி ஐப்பசி, கார்த்திகையை ஒட்டியே கொட்டித் தீர்த்துவிடுவதும், பத்து மாடிக்கும் கூரை ஒன்றே என்பதும் சங்கடங்கள்தான். அப்படியிருந்தும், முதல் மழையின் அழுக்கு நீரைக் கழித்துவிட்டு, அடுத்து வருவதை மணல் வடிகட்டி வழியே கீழ்த் தொட்டிக்குத் திருப்பினால், அந்த மாதங்களில் யந்திரத்துக்கு உப்பு மூட்டையே அவிழ்க்க வேண்டாம். தொட்டி நிரம்பிய பின் மிஞ்சுவதைக் கிணற்றோரம் இறக்கினால் கிணறும் இனிக்கும். எல்லாக் கட்டடங்களிலும் மழை நீர் சேகரிப்பு வேண்டும் என்று தமிழ்நாடு 2003லேயே சட்டம் செய்தது. இருந்தும், பல குடியிருப்புகளில் மொட்டைமாடியிலிருந்து இறங்கும் மழைக் குழாய், சாஃப்ட்னர் அறையின் சுவரை ஒட்டியே கீழே வந்து, தெருவோரக் கால்வாயில் போய் விழுகிறது.